வாரம் இரண்டு நாள் மட்டும் நகரம்: கிராமத்துக்குக் குடிபோகலாமா?

#1 மேற்குச்சன்னல்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் மனைவிக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஒரே பெண், எட்டு வயதாகிறது. நகரத்தின் நடுவில் அடுக்குமாடியில் இருக்கிறோம். ஒரு சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி மூச்சு விடும், இன்னொன்றைத் திறந்தால் மேம்பாலம். முன்பு வாரம் ஐந்து நாளும் அலுவலகம் போனேன், ஒரு வழிக்கு 50 நிமிடம். ஒரு வருடமாக செவ்வாயும் வியாழனும் மட்டும் போனால் போதும். மனைவிக்கு முழுக்க வீட்டிலிருந்தே வேலை.

95 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் வீடு பார்த்திருக்கிறோம். பழைய வீடு, பின்னால் பெரிய மரங்கள், அதற்கப்பால் வயல். பார்க்கப் போன அன்று மகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். அத்தோடு எங்கள் இருவருக்கும் மூளை வேலை செய்வது நின்றுவிட்டது. அதனால்தான் வெளியாட்களிடம் கேட்கிறேன்.

என் கணக்கு இதுதான். அங்கிருந்து அலுவலகம் ஒரு வழிக்கு 2 மணி 15 நிமிடம். வாரத்துக்கு நான்கு நடை, 540 நிமிடம். ஐந்து நாள் போன காலத்தில் வாரத்துக்கு 500 நிமிடம் ஆனது. 40 நிமிடம்தானே கூடுதல்? எங்கேயாவது தப்பு விடுகிறேனா?

#2 கணக்குப்பிள்ளை

விடுகிறீர்கள். ஐந்து நாள் போன காலம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு நீங்கள் வாரத்துக்கு 200 நிமிடம்தான் பயணம் செய்கிறீர்கள். 200 என்பது 540 ஆகப்போகிறது. நாற்பது இல்லை, முந்நூற்று நாற்பது. ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட நேரத்தை இன்னும் வராதது மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

இது உங்கள் தப்பு மட்டுமில்லை. செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். யாக்கோவ் ஸஹாவி என்பவர் அதற்கு முன்பே திரட்டியிருந்த விவரங்களை வைத்து எழுதியது. நடந்து போன காலமானாலும் சரி, கார் வந்த பிறகும் சரி, மனிதர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் பயணத்துக்குச் செலவிடுகிறார் என்பது அவர் வாதம். வண்டி வேகமானால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, தள்ளிப் போய்க் குடியேறுகிறோம். சராசரி என்பதால் தனி மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உங்கள் பதிவைப் பாருங்கள்: அலுவலக நாள் குறைந்தது, மிச்சமான நேரத்தைத் தூரமாக மாற்றத் தயாராகிவிட்டீர்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 420 நிமிடம். நீங்கள் அதையும் தாண்டுகிறீர்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கிற விலையைச் சரியாக எழுதிக்கொண்டு போங்கள்.

#3 கடைசிவண்டி

ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். எனக்கு இரவு 9.20. அதை விட்டால் மறுநாள் காலை 5.10. இந்த இரண்டு எண்ணும்தான் என் வாழ்க்கையை நடத்துகின்றன. மாலை ஆறரைக்குக் கூட்டம் வைத்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாவகாசமாகப் பேசும்போது என் கண் கடிகாரத்திலேயே இருக்கும். முதல் வருடம் காரணம் சொல்லிவிட்டு எழுந்தேன். இப்போது சொல்வதில்லை. எட்டேகால் ஆனதும் பையை எடுத்தால் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், அந்த 2 மணி 15 நிமிடம் எதிலிருந்து எது வரை? வரைபடத்தில் பார்த்ததா, நீங்களே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்ததா? எனக்கு ரயில் பயணம் 1 மணி 25 நிமிடம்தான். வீட்டுக் கதவிலிருந்து நாற்காலி வரை 2 மணி 20. மிச்சமெல்லாம் இருபக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள். ஸ்டேஷன் வரை பைக், நிறுத்துகிற இடம், படியேறுவது, அந்தப் பக்கம் இறங்கி இன்னொரு பேருந்து. இரவு பத்தே முக்காலுக்கு இறங்கும்போது ஸ்டேஷனில் என்னோடு சேர்த்து மூன்று பேர்தான் இருப்போம். மழை பெய்திருந்தால் பைக் சீட்டு ஊறிப்போய் இருக்கும். அதற்காகவே பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருப்பேன். ஒருமுறை அந்த நேரத்தில் டயர் பஞ்சர். நாலரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். செல்போன் வெளிச்சத்தில் சாலையோரம் ஒரு கீரி என்னை நின்று பார்த்துவிட்டுப் போனது. அன்று வந்த எரிச்சலில் வீட்டை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் புதன்கிழமை. பின்கட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். விற்கவில்லை.

போகலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ரயில் இருந்தால்தான். 95 கிலோமீட்டரை நீங்களே கார் ஓட்டிப் போவது வேறு கதை.

#4 ஆறாம்_மாடி

நான் கிராமத்துக்கே போகாதவன். ஒரே கேள்வி: இடையில் ஒன்றுமே இல்லையா? நகரத்து ஓரத்தில், 40 நிமிடத்தில் மரம் இருக்கிற இடம்?

#5 மேற்குச்சன்னல்

@ஆறாம்_மாடி, பார்த்தோம். மரம் இருந்த இடத்தில் எல்லாம் மனைப் பலகை நட்டிருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் அங்கேயும் மேம்பாலம் வந்துவிடும்.

@கணக்குப்பிள்ளை, 200-ஐ நான் யோசிக்கவே இல்லை. உண்மையில் சங்கடமாக இருக்கிறது.

@கடைசிவண்டி, வரைபடத்தில் பார்த்ததுதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

#6 கம்பிவேலை

ஞாயிற்றுக்கிழமையா? சரி, விடுங்கள்.

தொழில் முறையில் வீடுகளுக்கு மின்சாரமும் நெட்வொர்க்கும் அமைத்துக் கொடுப்பவன் நான். நகரத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "இணையம் வருமா" என்றுதான். கேட்க வேண்டியது "எது போனால் எது போகும்" என்பதை. கேபிள் இருக்கிறது, அது அறுந்தால் செல்போன் டேட்டா இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் கேபிள்காரரின் பெட்டியும் செல்போன் டவரும் ஒரே மின்பாதையில் இருந்தால், நீண்ட நேரம் கரண்ட் போகும்போது இரண்டும் கொஞ்ச இடைவெளியில் சேர்ந்தே படுத்துவிடும். அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: போன தடவை நாலைந்து மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது போனில் சிக்னல் இருந்ததா? அந்த ஒரு பதில் போதும்.

வேகத்தை மத்தியானம் சோதிக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு ஊரே வீட்டில் இருக்கும்போது சோதியுங்கள். பதிவிறக்கத்தைப் பார்த்து மயங்காமல் அப்லோடைப் பாருங்கள். நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வீடியோ கூட்டத்தில் உட்காரப்போகிறவர்கள், இடறுவது அங்கேதான்.

கேபிளே இல்லை, செயற்கைக்கோள்தான் என்றால் எந்த வகை என்று பாருங்கள். புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருப்பவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. உங்கள் பேச்சு மேலே போய்க் கீழே வந்து, எதிராளியின் பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி. நீங்கள் பேசி முடித்ததும் அமைதி, யாரும் பதில் சொல்லவில்லையே என்று மறுபடி தொடங்குவீர்கள், அதே நேரம் அவரும் தொடங்குவார். நாள் முழுக்க "நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க" என்றே போகும். ஸ்டார்லிங்க் மாதிரித் தாழ்வான பாதையில், 550 கிலோமீட்டரை ஒட்டிச் சுற்றுபவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

ரவுட்டருக்கு இன்வெர்ட்டரை நம்பாமல் தனியாக ஒரு சின்ன பேட்டரி வையுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 84 வாட்-ஹவர். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 15 வாட் எடுத்தால் கணக்குப்படி ஐந்தரை மணி நேரம். ஈய பேட்டரியை அடி வரை வடிய விட்டால் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, என் துறை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ, குடிக்கும் முன் பரிசோதனைக்குக் கொடுங்கள். வயலை ஒட்டிய கிணறு என்றால் உர நைட்ரேட் இறங்கியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது.

#7 திரும்பிவந்தவன்

பதினான்கு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

என்னைத் தோற்கடித்தது கிராமமோ தூரமோ இல்லை. நாங்கள் போகும்போது எனக்கும் வாரம் இரண்டு நாள்தான். ஏழாவது மாதம் மேலாளர் மாறினார். புதியவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆட்களை நேரில் பார்க்க வேண்டும் அவருக்கு. இரண்டு மூன்றானது. மூன்றைக்கூடச் சமாளித்திருப்பேன். எந்த மூன்று என்பதை ஞாயிறு இரவுதான் சொல்வார்கள். அங்கேதான் உடைந்தேன். இரண்டு நாள் என்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா, பழக்கமாக நடக்கிறதா? எனக்குப் பழக்கம்தான். வீட்டுப் பத்திரம் மட்டும் எழுத்தில் இருந்தது.

ரயில் இல்லாத இடம் என்பதால் காரில் போய்வந்தேன். ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். காலை 4.45-க்கு எழுவேன். வேலை இழுத்த நாட்களில் இரவு பத்துக்குச் சாலையில் இருப்பேன். விழித்து 17 மணி நேரம் கடந்துவிட்டிருக்கும். டாசன், ரீட் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 1997-ல் வந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதைப் போல இறங்கிவிடுகிறது என்கிறது. பல நாடுகளில் அந்த அளவைத் தொட்டாலே வண்டி ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு இரவு குடிக்காமலே குடித்தவனாகத்தான் ஓட்டியிருக்கிறேன் என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன்.

ஒரு நாள் கண் அசந்தது. ஒரு நொடிதான் என்று நினைக்கிறேன். சாலை ஓரக் கோட்டுக்கு மேல் பட்டைபட்டையாக மேடு போட்டிருப்பார்களே, அதில் சக்கரம் ஏறி வண்டி அதிர்ந்தது. விழித்துப் பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் புளியம்பூ நிறத்தில் ஒரு மைல்கல். அதில் இருந்த எண் இன்னும் நினைவிருக்கிறது, 31. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

#8 கடைசிவண்டி

@திரும்பிவந்தவன், இதைத்தான் ரயில் ரயில் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். ரயிலில் தூங்கிப்போனால் இரண்டு ஸ்டேஷன் தாண்டி இறங்குவோம், அவ்வளவுதான்.

#9 ஆறாம்_மாடி

ஆய்வு என்று வந்துவிட்டதால் நானும் இரண்டு சொல்கிறேன். டேனியல் கானமன் என்ற உளவியலாளரின் குழு 2004-ல் அமெரிக்காவின் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைத் துண்டுதுண்டாக நினைவுகூரச் சொல்லி, ஒவ்வொரு துண்டிலும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டது. பட்டியலின் அடியில் கிடந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். அடுத்து ப்ரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள். தூரம் போகிறவருக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்து மனநிறைவு சமமாகிவிடும் என்பது பொருளாதாரப் பாடம். ஜெர்மனியின் விவரங்களை எடுத்துப் பார்த்தால் சமமாகவில்லை, நெடும்பயணம் போகிறவர்களுக்கு நிறைவு குறைவாகத்தான் இருந்தது. மரம் பார்த்து மயங்குகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

#10 கடைசிவண்டி

அதெல்லாம் தினமும் போகிறவர்களைப் பற்றியது சார். வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நெரிசலில் நிற்பதும், இரண்டு நாள் ரயிலில் சன்னலோரம் உட்கார்வதும் ஒன்றா? எனக்கு வாரத்தில் ஐந்து நாள் முழுசாகக் கிடைக்கிறது. அதை எந்தத் துண்டில் போடுவீர்கள்?

#11 ஆறாம்_மாடி

ஆறு வருடமாக எட்டேகாலுக்குப் பையை எடுக்கிறவர், நீங்களே சொன்னது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாக. அந்த நேரத்தையும் பயணத்தில்தானே சேர்க்க வேண்டும்?

#12 கடைசிவண்டி

சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நான் இங்கேதான் இருக்கிறேன்.

#13 வீட்டிலிருப்பவள்

பன்னிரண்டு பதிவு ஆகிவிட்டது. போகிறவர்தான் பேசுகிறார், இருக்கிறவர் யாரும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இழை தொடங்கியவரே, உங்கள் பதிவில் மனைவியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "முழுக்க வீட்டிலிருந்தே வேலை." அந்த வரியில்தான் உங்கள் திட்டம் முழுக்க நிற்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. என் கணவர் திங்கள், செவ்வாய் நகரத்துக்குப் போவார். விடியும் முன் போனால் இரவுதான். அந்த இரண்டு நாளும் வீடு, பிள்ளைகள், நாய், மோட்டார், மின்சாரம், கதவைத் தட்டுகிறவர், எல்லாமே என் பொறுப்பு. என் வேலையும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் 4 மணி நேரம் பயணம் செய்து களைத்து வருவார், பாவம், குறை சொல்ல முடியாது. புதன்கிழமை அவர் தேறுகிற நாள். நான் தேறுகிற நாள் எது என்று மூன்று வருடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய். மகனுக்குப் பள்ளியிலேயே காய்ச்சல் வந்து, கூட்டிப்போகச் சொல்லி 11 மணிக்கு அழைப்பு. கார் ஸ்டேஷனில் நிற்கிறது. 11.30-க்கு நான் பேச வேண்டிய கூட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய வண்டியை எடுத்தார். அவருக்குப் பார்வை அவ்வளவு சரியில்லை என்பது பாதி வழியில்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையைப் பின்சீட்டில் மடியில் போட்டுக்கொண்டு, காதில் மாட்டியபடியே கூட்டத்தில் பேசினேன். "வலது பக்கம், வலது பக்கம்" என்று பெரியவருக்குச் சொன்னதை அந்தப் பக்கம் குறிப்பில் எழுதிக்கொண்டார்களாம். இப்போது சிரிப்பு வருகிறது.

உங்களிடம் என் கேள்விகள். வண்டி ஒன்றா இரண்டா? உங்கள் மனைவிக்கு ஓட்டத் தெரியுமா, தெரிந்தால் அந்தச் சாலையில் இரவில் ஓட்டுவாரா? நீங்கள் இல்லாத நாளில் மோட்டார் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியுமா? மருத்துவமனை எவ்வளவு தூரம்? பக்கத்துக் கிளினிக்கைக் கேட்கவில்லை, ஸ்கேன் எடுக்கக்கூடிய மருத்துவமனையை. பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். நாற்பது வயதில் இதை நினைக்க மாட்டோம். அப்பா அம்மா வந்து தங்கும்போது நினைப்போம்.

நான் கிராமத்தைவிட்டுப் போகவில்லை. பிடித்திருக்கிறது. இரண்டாவது வண்டி வந்த பிறகு பிடித்தது.

#14 மேற்குச்சன்னல்

@வீட்டிலிருப்பவள் அக்கா, உங்கள் பதிவை மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "இத்தனை நாளா நான் சொன்னதைத்தான் இவங்க எழுதியிருக்காங்க" என்றாள். சொல்லியிருக்கிறாள்தான். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதில்கள்: வண்டி ஒன்று. உரிமம் இருக்கிறது, ஓட்டி ஒன்பது வருடம் ஆகிறது. மோட்டாருக்கு யாரைக் கூப்பிடுவது என்று எனக்கே தெரியாது. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனை 50 நிமிடம்.

#15 பதின்மூன்று_வயதில்

பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு குரல். எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பா இப்படிக் குடிபெயர்த்தார். எட்டு வயதில் போயிருந்தால் சொர்க்கம், அதில் சந்தேகமில்லை. பதின்மூன்றில் வேறு. தோழிகள் எல்லாம் 60 கிலோமீட்டர் தள்ளி. பள்ளிப் பேருந்தை விட்டால் எங்கேயும் போக வழியில்லை. எதற்கும் யாராவது கொண்டுவிட வேண்டும், யாராவது என்றால் அம்மா. "அம்மாவைத் தொந்தரவு செய்யாதே" என்ற வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தேன். பதினெட்டில் நகரத்துக்கு ஓடியவள் திரும்பவில்லை. அப்பாவுக்கு அது இன்னும் புரியவில்லை.

உங்கள் மகள் இப்போது செருப்பைக் கழற்றி ஓடுகிறாள். இன்னும் ஆறு வருடம் கழித்தும் அதே வீட்டில் இருப்பீர்கள் இல்லையா, அதற்கும் சேர்த்து பேருந்து நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

#16 கூவாதசேவல்

எல்லாரும் ரொம்ப சீரியஸாகப் போய்க்கொண்டிருப்பதால். கிராமத்தில் அமைதி என்று எண்ணிப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இரவு இரண்டரைக்கு வயல் மோட்டார், மூன்றரைக்குச் சேவல், அறுவடைக் காலத்தில் ராத்திரி முழுக்க இயந்திரம்.

பிரான்சில் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று, அங்கே விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் வழக்கே போட்டார்கள். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 சனவரியில் அந்த நாடு கிராமத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் மரபாக ஏற்றுச் சட்டமே போட்டுவிட்டது. சாணி வாசனையும் அதில் அடக்கம். எனவே புகார் கொடுக்கப் போனால் சேவலுக்குத்தான் வெற்றி.

#17 கணக்குப்பிள்ளை

பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. எபினேசர் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1898-ல் நகரம், கிராமம், இரண்டும் கலந்தது என்று மூன்று காந்தங்களை வரைந்து, மக்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். 1903-ல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரத்தைத் தொடங்கினார்கள். அவர் மரத்துக்குப் பக்கத்தில் வீட்டை மட்டும் வைக்கவில்லை, தொழிற்சாலையையும் கொண்டுபோய் வைத்தார். 1973-ல் 'டெலிகம்யூட்டிங்' (அலுவலகத்துக்குப் பயணிப்பதற்குப் பதில் தொலைத்தொடர்பு வழியே வேலை செய்வது) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜாக் நில்ஸும் வீட்டிலிருந்து வேலை என்பதைவிட, ஊழியர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் கிளை அலுவலகம் என்றுதான் அதிகம் யோசித்தார். நாம் அரைகுறையாகச் செய்கிறோம், வீட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறோம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஏன் செவ்வாய், வியாழன்? அடுத்தடுத்த நாளாக மாற்றி, செவ்வாய் இரவு நகரத்திலேயே தங்கிவிட்டால் நடை நான்கு இரண்டாகிறது. 540 நிமிடம் 270 ஆகிவிடும்.

#18 வீட்டிலிருப்பவள்

@கணக்குப்பிள்ளை, நிமிடம் குறையும். அந்த இரவு அவர் மனைவியும் மகளும் மட்டும் அந்த வீட்டில். உங்கள் தாளில் அதற்கு ஒரு வரிசை போடுங்கள். சிலருக்கு அது பரவாயில்லை, சொல்லப்போனால் நிம்மதி. ஆனால் அவரைக் கேட்டுத்தான்.

#19 திரும்பிவந்தவன்

ஒன்றே ஒன்று. விற்காதீர்கள், வாங்காதீர்கள். முதலில் அங்கே ஏதாவது ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். அதுவும் ஊர் அழகாக இருக்கும் மாதத்தில் வேண்டாம், ஆக மோசமான மாதத்தில். நாங்கள் வாங்கியது பூக்கும் காலத்தில்.

#20 மேற்குச்சன்னல்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். சிலர் தனிமடலில் கேட்டீர்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த வீட்டை வாங்கவில்லை. அதே ஊரில், ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டரில், மரம் இல்லாத ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்தோம், மழை மாதத்தில். கதவிலிருந்து நாற்காலி வரை 2 மணி 40 நிமிடம், வரைபடம் சொன்னதைவிட 25 நிமிடம் அதிகம். இரண்டு நாள் என்பதை எழுத்தில் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், அதனால் நாங்களும் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் திட்டம் போட்டிருக்கிறோம். நகரத்து வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.

அலுவலக நாளை செவ்வாய், புதன் ஆக்கிக்கொண்டேன். தங்குவது நண்பன் வீட்டு சோபாவில். மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியை அவளே எழுதுகிறாளாம்.

#21 மேற்குச்சன்னல்

இது அவர் மனைவி, அவர் கணக்கிலிருந்தே எழுதுகிறேன்.

முதல் வாரம் செவ்வாய் இரவு தூங்கவில்லை. தகரக் கூரை மேல் ஏதோ நடந்துகொண்டே இருந்தது. இரண்டாவது வாரம் அது பூனை என்று தெரிந்தது. இப்போது செவ்வாய் இரவு எனக்கும் மகளுக்கும் பிடித்த இரவு, வீட்டில் யாரும் களைப்பாக இல்லை. அவர் முன்பு மாதிரி இரவு பதினொன்றுக்கு முகம் வெளிறி வந்து நிற்பதற்கு இது மேல்.

பழைய வண்டி ஒன்று வாங்கினோம். ஒன்பது வருடம் கழித்து ஓட்டினேன். முதல் நாள் மருத்துவமனை வரை போய், உள்ளே போகாமல், வாசலில் திருப்பிக்கொண்டு வந்தேன். 48 நிமிடம். இரவில் ஒருமுறை போய்ப் பார்த்தேன், 55.

மோட்டார்க்காரர் எண் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனையில் நைட்ரேட் அளவுக்குள்தான் இருந்தது, பாக்டீரியா இருந்தது, கொதிக்க வைத்துக் குடிக்கிறோம்.

ஒரே ஒரு பிரச்சினை. @கம்பிவேலை, நீங்கள் சொன்ன பேட்டரியை வாங்கி வைத்தோம். மூன்று மணி நேரம் என்றீர்கள், ஒன்றரை மணியிலேயே ரவுட்டர் அணைந்துவிடுகிறது. நேற்று கூட்டத்தின் நடுவில் போய்விட்டேன்.

#22 கம்பிவேலை

வேறு எதையாவது அதில் மாட்டியிருக்கிறீர்களா?

#23 மேற்குச்சன்னல்

மறுபடியும் மனைவிதான். இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மகளின் மேசை விளக்கு.